பறங்கிப் பாஷையில் ஒரு 'வந்தால்'

மழை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே இராசலிங்கம், "மழை வந்தால் குடையை விரிப்பம்" என்பார். விரித்துக்கொண்டேதான் சொல்வார். தேநீர்க் கோப்பை கையில் ஆவி பறக்கும், "கிடைச்சால் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்." பேருந்து முன்னால் வந்து கதவைத் திறந்துகொண்டு நிற்கும், "நிண்டால் ஏறுவம்." பின்னால் நிற்கிற ஜேர்மன்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு அவரை இடித்து ஏறிப் போவார்கள். 'ஆல்' என்று ஒட்டுப்போடாத ஒரு முழு வசனத்தை அவர் வாயிலிருந்து கறந்தவர் கொலோன் நகரத்துத் தமிழர்களில் ஒருவருமில்லை. கோயில் தேருக்கு வருவீர்களா என்று கேட்டால், "வந்தால் காணலாம்" என்பார். கேட்டவர் அதற்குப் பிறகு என்ன கேட்பது? வாயை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான்.

ஐம்பதைத் தாண்டி அறுபதை எட்டிப் பார்க்கிற வயது. நகரத்தின் ஓரத்தில், ஆஸ்பத்திரிகளின் துணி வெளுக்கிற ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை. அவர் நிற்கும் இடத்துக்கு மாங்கல் என்று பெயர். வெக்கை கக்கும் இரும்பு உருளைகள். ஈரமான படுக்கைச் சீலை ஒரு பக்கத்தால் உள்ளே போய் மறுபக்கத்தால் அப்பளமாக வெளியே வரும். சீலையை உள்ளே கொடுக்க இரண்டு பேர் வேண்டும். இவர் ஒரு மூலை, எதிரே நிற்பவர் மறு மூலை. உதறி, விளிம்பை விறைப்பாகப் பிடித்து, ஒரே நேரத்தில் விடவேண்டும். ஒருவர் முந்தினால் சீலை சுருண்டு மெசின் நின்றுவிடும். வருசக்கணக்காக இதைச் செய்து இராசலிங்கத்தின் இரண்டு பெருவிரல்களும் தட்டையாகிவிட்டன. புருவத்தில் பாதி வெக்கைக்குக் கருகிப் போய்விட்டது.

இப்போது எதிர் மூலையைப் பிடிப்பவள் புதிதாக வந்த ஒரு பல்கேரியப் பெட்டை. காதில் பாட்டைச் செருகிக்கொண்டு வேலை செய்கிறவள். இராசலிங்கம் அவளுக்குச் சீலையைத் தூக்கிப் போட்டபடி, "சே ஷுவேர்..." என்று எதையோ தொடங்குவார். அவள் ஒரு காதைக் கழற்றி "வாஸ்?" என்பாள். "நிக்ஸ்" என்பார் இவர். ஒன்றுமில்லை. அவள் காதைத் திரும்பச் செருகிக்கொள்வாள்.

சே ஷுவேர் என்றால் 'மழை பெய்தால்'. போர்த்துக்கேயம். ஜேர்மனிக்கு வந்து முப்பது வருசமாகியும் ஜேர்மன் மொழியில் கடைக்குப் போய்வரும் அளவுக்கு மேலே ஏறாத மனிதர், போர்த்துக்கேயத்தில் சண்டை பிடிக்கவும் பகிடி விடவும் தெரிந்து வைத்திருக்கிறார். அந்த ஆலையில் மாங்கல் பகுதி முழுக்க ஒருகாலத்தில் போர்த்துக்கேயப் பெண்களின் இராச்சியம். ஜேர்மன் அங்கே மேற்பார்வைக்காரன் திட்டுவதற்கு மட்டும்தான் பாவனையில் இருந்தது. அதே ஆலையில் உலர்த்தும் பகுதியில் வேலை செய்யும் ஐங்கரன், இவருக்குப் பறங்கி அண்ணை என்றே பெயர் வைத்துவிட்டான்.

"நல்லூர்க் கோயிலை இடிச்ச சனத்தின்ர பாஷை உங்களுக்கு என்னத்துக்கு அண்ணை?"

"இடிச்சவங்கள் கதிரையைத் தந்துபோட்டெல்லோ போனவங்கள். உன்ர வீட்டுக் கதிரையைத் தூக்கி எறி. பிறகு வந்து கதை."

அது உண்மை. முதல்நாள் வேலைக்குப் போனபோது, எதிர் மூலையில் நின்ற ஜசிந்தா என்ற மனுசி இவரைப் பார்த்து 'கதெய்ரா' என்று ஏதோ கேட்டாள். இவர் போய் அவள் இருக்க ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அவள் வாயைப் பிளந்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மேசை, சாவி, அலுமாரி, சப்பாத்து, பாண். யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் கிடந்த பாதிச் சாமான் அவளுடைய வீட்டிலும் அதே பெயரில் கிடந்தது. ஒரு கிழமைக்குள் இராசலிங்கத்துக்குத் தலைகால் புரியாத எண்ணம் வந்துவிட்டது, தனக்குப் பாதிப் பாஷை தெரியும் என்று. சாமான்களுக்குப் பெயர் தெரிந்தால் பாஷை தெரிந்ததாகுமா? 'ஆல்' போட்டுப் பேசுகிற மனிதர், 'ஆல்' இல்லாமல் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிப்பார்?

அங்கேதான் மாட்டினார். நாங்கள் 'வந்தால்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சீவியம் முழுக்க ஓட்டிவிடுவோம். நாளைக்கு வரக்கூடிய மருமகனுக்கும் வந்தால்தான், செத்துப்போன மாமா எழும்பி வந்தாலும் வந்தால்தான். போர்த்துக்கேயர் அப்படி விடமாட்டார்கள். நடக்காத காரியத்துக்கு அவர்களிடம் ஒரு வினை உண்டு. இன்னும் நடக்கவில்லை, ஆனால் நடக்கக்கூடும் என்ற காரியத்துக்கு வேறொரு வினை. நீ வந்தால், நாளைக்கு மழை பெய்தால், எனக்கு முடிந்தால் என்பதெல்லாம் இந்த இரண்டாவது வகை. இதற்கென்றே வினையை உருட்டித் திரட்டி வைத்திருக்கிறார்கள். ஜசிந்தா விளங்கப்படுத்தியதை இராசலிங்கம் தன்னுடைய பாணியில் ஐங்கரனுக்குச் சொன்னார்: "இந்த 'வந்தால்' இருக்கெல்லோ, இதை நம்பி உலையில ஒரு சுண்டு அரிசி கூடப் போடலாம். மற்ற 'வந்தால்' எண்டால் போடேலாது."

ஜசிந்தாவுக்கும் பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லை. இலக்கணத்தின் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியாது. பிழை விட்டால் தன் பக்கத்து மூலையை வெடுக்கென்று இழுப்பாள். சீலை இவர் கையைவிட்டு நழுவிவிடும். 'நான் போகும்போது' என்பதற்கு இவர் 'குவாண்டு வோ' என்பார், வெடுக். திருத்தி 'குவாண்டு ஃபோர்' என்றால்தான் சீலை திரும்பி வரும். இந்த ஃபோர் என்ற சொல்லில் இவருக்கு மண்டை காய்ந்தது. போனாலும் ஃபோர், இருந்தாலும் ஃபோர்.

"இதென்ன டோனா ஜசிந்தா, போறதுக்கும் இருக்கிறதுக்கும் ஒரே சொல்லோ?"

"எங்கட ஊரில பாதிச் சனம் போன சனம், லிங்கா. போறதுதான் எங்களுக்கு இருக்கிறது."

பேசியது போர்த்துக்கேயத்தில். இராசலிங்கத்தின் காதில் அது எப்போதும் எங்கட பேச்சாகவே விழுந்தது. ஆகவே அப்படியே எழுதுகிறேன். அவள் அவரை நீ என்பாள். அவர் கடைசிவரைக்கும் மரியாதையாக டோனா என்றும் நீங்கள் என்றும்தான்.

இரண்டு பேருக்கும் துணை இல்லை. இராசலிங்கத்தின் மனைவி புற்றுநோயில் போனாள். ஜசிந்தாவின் புருசன் குடித்துச் செத்தான், அதை அவள் ஒளிப்பதுமில்லை, அழுவதுமில்லை. மனைவியின் செத்தவீடு முடிந்து இராசலிங்கம் வேலைக்கு வந்த கிழமை, ஒரு தோள் மேலே எழும்ப மறுத்தது. ஜசிந்தா ஒன்றும் கேட்காமல் இடம் மாறி நின்றாள். சீலை வந்து விழுகிற பக்கத்தில் நிற்பவருக்குத்தான் பாரம் கூட. அந்தப் பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டாள். மேற்பார்வைக்காரனுக்கும் தெரியாது. தோள் சரியான பிறகும் அவள் பழைய இடத்துக்குப் போகவில்லை. இதைத் தவிர அவர்களுக்கு இடையில் ஒரு மண்ணும் நடக்கவில்லை. ஊர்ச்சனம் பேசியது வேறு கதை. ஊர்ச்சனத்துக்கு வேலை இல்லை.

இராசலிங்கத்தின் இன்னொரு குணத்தையும் சொல்லவேண்டும். அவருக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பார். "இப்பத்தான் சாப்பிட்டனான்." பச்சைப் பொய், வயிறு கூவும். வீட்டுக்காரர் இன்னொருதரம் கேட்கவேண்டும். "ஐயோ, உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்பார். மேலும் ஒருதரம் கெஞ்சினால் உட்கார்ந்து சட்டியை வழித்துவிட்டுத்தான் எழும்புவார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான், இவர் கொஞ்சம் கூட. "ஒருதரம் கேக்கிறது வாய்தான் தம்பி. திரும்பவும் கேட்டால்தான் அது மனசு" என்பது அவருடைய கட்சி. ஜசிந்தா முதன்முதல் மத்தியானம் பாணுக்குள் மீனை வைத்து நீட்டியபோது, வேண்டாம் என்றார். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, அதைத் தானே தின்று, கையைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க அவர் பட்டினி. பிறகு பாணுக்கு மட்டும் முதல்தரமே ஓம் சொல்லப் பழகிக்கொண்டார். வேறெதற்கும் பழகவில்லை.

போன வருசம் வசந்தகாலத்தில், மெசினுக்குச் சீலை கொடுத்துக்கொண்டிருக்கும்போது, ஜசிந்தா அவரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "எனக்கு அடுத்த வருசம் பென்ஷன். நான் ஊருக்குப் போகும்போது, நீ விரும்பினால், என்னோட வா. மேல ஒரு அறை சும்மா கிடக்கு. கடல் கொஞ்சத் தூரம்தான்."

பிராகா என்ற பட்டணத்துக்கு அங்கால் அவளுடைய ஊர். போகும்போது, விரும்பினால், இரண்டும் அந்த வினைதான், அரிசி போடக்கூடிய வினை. இராசலிங்கத்துக்கு ஓம் என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு, "சே டேயுஷ் கிஸேர்" என்றார். கடவுள் விரும்பினால்.

அவள் தலையை ஆட்டினாள். சீலையை விட்டார்கள். அது உள்ளே போனது.

அந்த மனுசியின் ஊரில் கலியாணத்துக்கு நாள் குறித்துவிட்டும் கடவுள் விரும்பினால் என்பார்கள், நாளைக்குக் காலையில் பாண் வாங்க வருகிறேன் என்பதற்கும் அதைத்தான் சொல்வார்கள். அவளைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது. இராசலிங்கத்துக்கோ அப்போதுதான் காரியம் தொடங்கியது. அவர் அவள் மறுபடி கேட்பதற்குக் காத்திருக்கத் தொடங்கினார்.

"கேட்டவவோ அண்ணை? உண்மையாவோ?" ஐங்கரனுக்குக் கண் வெளியே வந்தது. "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கடவுள் விரும்பினால் எண்டனான்."

"அது ஓமோ, இல்லையோ?"

"இன்னொருக்காக் கேக்கட்டும்."

"கேக்காட்டி?"

"கேட்டால் சொல்லுவம்."

"உங்களுக்குப் போக விருப்பமோ, அதையாவது ஒழுங்காச் சொல்லுங்கோ."

"இஞ்ச நான் வீட்ட போனால் லைட்டைப் போடுறதும் நான்தான், நூக்கிறதும் நான்தான்" என்றார். அதுதான் அவருடைய வாழ்நாளில் 'ஆல்' வைத்தும் நேராகச் சொன்ன ஒரே வசனம்.

"அப்ப வாயைத் திறந்து ஓமெண்டு சொல்லுங்கோவன்! வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையோ?"

"மரியாதை எண்டு ஒண்டு இருக்கடாப்பா."

மண்ணாங்கட்டி மரியாதை. கோடை போனது, இலை உதிர்ந்தது. ஜசிந்தா ஒருநாளும் கேட்கவில்லை. முடிந்துபோன பேச்சை யார் திரும்ப எடுப்பார்கள்? இராசலிங்கம் சுற்றி வளைத்துத் தூண்டில் போட்டுப் பார்த்தார். அங்கே மாரியில் எப்படி? ஒரு ஆம்பிளை இருந்தால் அங்கே என்ன வேலை கிடைக்கும்? அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். "கல்லு வீடு. மாரியில குளிரும். தடிச்ச சுவெற்றர் ஒண்டு வேணும்." கேள்வி மட்டும் வரவில்லை. சரி, அன்றைக்குக் கேட்டது வெறும் வாய்தான் என்று இராசலிங்கம் மெல்ல மெல்ல முடிவுகட்டினார். அப்படி முடிவுகட்டியபிறகும் காத்திருந்தார்.

மகள் சயந்தினி மியூனிக்கில், காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவளிடம் ஒருமுறை வாயெடுத்தார்.

"பிள்ளை, நான் ஒருக்கா அங்கால இங்கால போய் இருந்தால்..."

"எங்க அப்பா?"

"ஒரு பேச்சுக்குத்தான். போனால்."

"போறியளோ, போகேல்லையோ?"

"பார்ப்பம்."

"பள்ளிக்கூடத்தால பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கையும் பார்ப்பம் எண்டனீங்கள். சைக்கிளுக்கும் பார்ப்பம். நீங்கள் பார்ப்பம் எண்டால் இல்லை எண்டு எனக்குச் சின்னனிலேயே தெரியும். எனக்கு இப்ப ஒரு ரெர்மின் இருக்கு அப்பா, வைக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமையில் என்ன ரெர்மின், யாரைச் சந்திக்கப் போகிறாள் என்று அவர் கேட்கவில்லை.

இந்த வருசம் பங்குனியில் ஜசிந்தா போனாள். போர்த்துக்கேயச் சனம் ஊருக்குப் போவதற்கென்று வெள்ளை வான்கள் ஓடுகின்றன. ஆட்களையும் பெட்டிகளையும் தையல் மெசின்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு பிரான்சையும் ஸ்பெயினையும் கடந்து வீட்டு வாசலில் இறக்கிவிடும். சனிக்கிழமை காலை, அவளுடைய வீட்டுக்கு முன்னால் வான் நின்றது. தூறல். இராசலிங்கம் வழியனுப்பப் போனார். கையில் ஒரு கடைப் பை மட்டும். பெட்டி கொண்டுபோகவில்லை, கேட்காத இடத்துக்குப் பெட்டியோடு போய் நிற்க அவருக்கு என்ன, வெட்கமில்லையா? ஆனால் விடியவே எழும்பி வீட்டுச் சூடாக்கியை நிறுத்தியிருந்தார். குளிர்பெட்டியிலிருந்த பாலை ஊற்றிவிட்டிருந்தார். கடவுச்சீட்டு மேல்சட்டையின் உள்பையில் இருந்தது. போகிற நேரத்திலாவது அவள் கேட்டால்.

சாரதி இவரை மேலும் கீழும் பார்த்தான். "இவர்தானோ மற்ற ஆள்? பெட்டி எங்க?"

இராசலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வானுக்குள் ஜசிந்தா ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்து இருக்கை காலி. முன்னால் இருந்த கிழவி ஒருத்தி இவரைப் பார்த்துச் சிரித்து, இவர் ஏற வசதியாகத் தன் காலை ஒதுக்கிக்கொண்டாள்.

"அந்தப் பைக்குள்ள என்ன?" என்றாள் ஜசிந்தா.

"சுவெற்றர். உங்களுக்கு. வீடு குளிரும் எண்டனீங்கள்."

அவள் அதை வாங்கி விரித்தாள். கம்பளி, தடித்தது, பெண்கள் போடுவது, முன்னால் வரிசையாக ஊதாப் பொத்தான்கள். ஒரு பொத்தானைப் போட்டாள், கழற்றினாள்.

"நான் உனக்கெல்லோ சொன்னனான், தடிச்ச சுவெற்றர் வேணும் எண்டு."

"எனக்கோ?"

"நீ வாறன் எண்டனீயே."

"நான்... கடவுள் விரும்பினால் எண்டெல்லோ சொன்னனான்."

"அதைத்தான் சொல்லுறன்."

தூறல் வானின் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. சாரதி கையைத் திருப்பி மணியைப் பார்த்தான். ஜசிந்தா கத்தவில்லை, அழவில்லை. மேலறைக்குக் கட்டில் வாங்கிப் போட்டாயிற்று என்றாள், யாருடைய வீட்டுக் கதையையோ சொல்வதுபோல. பிறகு, "ஏறு, லிங்கா" என்றாள். "உடுப்பு அங்க வாங்கலாம். ஏறு."

ஒரு வருசமாக அந்த மனிதர் காத்துக்கிடந்த கேள்வி. நேராக, ஒரு 'ஆல்' கூட இல்லாமல், முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. கடவுச்சீட்டு நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னது என்ன தெரியுமா?

"இல்லையில்லை, உங்களுக்கு ஏன் கரைச்சல்."

சோற்றுக் கோப்பையைக் கண்டால் கை தானாக மறிக்குமே, அதுபோல வந்து விழுந்தது. அவருக்கே அது காதில் கேட்ட பிறகுதான் தெரியும். சொல்லிவிட்டு, பாதிச் சிரிப்போடு, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார். அடுத்த தரத்துக்கு. பழசையெல்லாம் விடு, இப்போதுதானே கேட்டாள், இன்னொருதரம் கேட்கட்டும், கால் உள்ளேதான்.

ஜசிந்தா அந்தச் சிரிப்பை வெகுநேரம் பார்த்தாள். இல்லை என்று இரண்டுதரம் அழுத்திச் சொன்ன ஆம்பிளையை மறுபடி கூப்பிடுவது அவளுடைய ஊரில் அவனுக்கும் அவமானம், கூப்பிட்டவளுக்கும் அவமானம்.

"சரி" என்றாள்.

சாரதி போய்த் தன் இருக்கையில் ஏறி மெசினை முடுக்கினான். அப்போதுதான் இராசலிங்கத்தின் முகம் மாறியது. ஒரு அடி முன்னால் வந்து, "சே புடேர், வோ" என்றார். முடிந்தால் வருகிறேன். வினை சுத்தமாக, சரியாக இருந்தது. பிராகாவில் பிறந்தவன்கூட அதில் குறை பிடிக்க முடியாது. ஜசிந்தா சுவெற்றரை நாலாக மடித்து, பக்கத்து இருக்கையில் வைத்து, அதன்மேல் தன் கைப்பையையும் வைத்தாள்.

"கதவு!" என்றான் சாரதி உள்ளேயிருந்து.

இராசலிங்கம் கைபிடியைப் பிடித்து இழுத்துச் சாத்தினார். கதவு சரியாகப் பொருந்தவில்லை. திரும்ப முழுக்கத் திறந்து, தோளைக் கொடுத்துத் தள்ளி அறைந்தார். பிறகு குனிந்து, நன்றாகப் பூட்டிக்கொண்டதா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.